நான் பாருக்குப் போன கதை

லண்டனிலிருந்து யாழ்ப்பாணத்திலுள்ள அக்காவோடு தொலைபேசியில் கதைத்துக் கொண்டிருந்தேன். நேரம் போனது தெரியவில்லை. “அக்கா, நாளைக்குப் பத்து மணிக்கு நான் பாருக்குப் போகவேணும், வைக்கிறன்” என்றேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: “என்னடி சொல்லுறாய்? வெள்ளெனப் பத்து மணிக்கோ?”

நம்மூரில் பார் என்றால் ஒன்றுதான். அக்காவின் பயத்தில் நியாயம் உண்டு. நான் போனது வேறொரு பாருக்கு. பலே நடனம் பழகுகிற பிள்ளைகள் சுவரோடு பொருத்திய ஒரு மரத்தடியைப் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்வதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தத் தடிக்குப் பிரெஞ்சு மொழியில் பார் என்று பெயர். அதைப் பிடித்தபடி செய்கிற உடற்பயிற்சிக்கும் அதே பெயர் வந்துவிட்டது. நடனம் பழகத் தேவையில்லை, துள்ளத் தேவையில்லை. தடியில் கை வைத்து, முழங்காலை மடித்து, ஒரு அங்குலம் மேலே, ஒரு அங்குலம் கீழே என்று திரும்பத் திரும்பச் செய்வதுதான் அதன் அடிப்படை. கேட்பதற்குச் சுகம். இரண்டாவது நிமிடத்தில் தொடை உதறத் தொடங்கும்போதுதான் சங்கதி விளங்கும்.

என் மணிக்கட்டு முறிந்த கதையை இந்தப் பக்கத்தில் முன்பு எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டுக் கடிதம் போட்ட சகோதரிகள் பலர் கேட்டது ஒரே கேள்விதான்: இந்த வயதில் எங்களுக்கு ஏற்ற பயிற்சி வகுப்பை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது? அதற்கு அப்போது என்னிடம் விடை இருக்கவில்லை. தேடிப்போய் அடிபட்டுத் தெரிந்துகொண்டதை இம்முறை எழுதுகிறேன்.

2021இல் வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் கட்டடத்தின் படியில் ஈரத்தில் சறுக்கிக் கையை ஊன்றி விழுந்தேன். பெரிய விழுகை அல்ல. ஆனாலும் மணிக்கட்டு முறிந்தது. மாதவிடாய் நின்றுபோன பெண்களில் எலும்பு மெலியத் தொடங்கியிருப்பதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த மணிக்கட்டு முறிவுதான் என்று வைத்தியர் சொன்னார். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கான் எடுத்தோம். இடுப்பில் என் அளவு -2.1. இளவயதுப் பெண்ணின் சராசரி எலும்போடு ஒப்பிட்டு இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். -1 வரைக்கும் பயமில்லை. -1 முதல் -2.5 வரை எலும்பு மெலிந்து வருகிறது என்று அர்த்தம். -2.5ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ அதுவே நோய். நான் வாசலில் நின்றேன்.

அந்தக் கடதாசியைப் பார்த்ததும் எனக்கு அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார். 2006 செப்டெம்பரில், 73 வயதில், யாழ்ப்பாணத்து வீட்டுக் கிணற்றடியில் அம்மா விழுந்தார். இடுப்பு மூட்டோடு சேர்ந்த தொடையெலும்பு முறிந்தது. ஏ-9 பாதை அதற்கு முதல் மாதந்தான் பூட்டப்பட்டிருந்தது. கொழும்பிலிருந்த என்னால் போகமுடியவில்லை. அம்மாவை இங்கே கொண்டுவரவும் முடியவில்லை. பதினொரு மாதம் அம்மா படுக்கையிலே கிடந்தார். புரட்டியது, கழுவியது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டியது எல்லாம் அக்கா தனியாகத்தான். 2007 ஓகஸ்டில் அம்மா போய்விட்டார். அந்தப் பதினொரு மாதத்தைப் பற்றி அக்கா என்னிடம் ஒருநாளும் குறைசொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்னும் கரைச்சல்.

மருந்தோடு சேர்த்து நடக்கச் சொன்னார் வைத்தியர். கால் தசையைப் பலப்படுத்துங்கோ, நிலை தடுமாறாமல் நிற்கப் பழகுங்கோ என்றும் சொன்னார். நடப்பேன். மற்ற இரண்டையும் எங்கே போய்ப் பழகுவது என்று தெரியாமலே இரண்டு வருடம் கடந்தது.

2023 ஏப்ரலில் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக லண்டன் போனேன். ஆறு மாத விசா. மகள் இருப்பது ஹரோ பகுதியில். வெளியே வந்தால் மரக்கறிக் கடையும் புடைவைக் கடையும் தமிழில் பெயர்ப்பலகை வைத்திருக்கும் இடம். சத்திரசிகிச்சை மூலம் பேத்தி பிறந்தாள். சரக்கு அரைப்பதும் பிள்ளைக்கு வெந்நீர் வார்ப்பதுமாக நாட்கள் போயின. மூன்றாவது கிழமை மருமகன் லீவில் வீட்டில் நின்றதால் எனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. “அம்மா, நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி ஒரு வகுப்புப் பார்த்திருக்கிறன், போய்ப் பாருங்கோ” என்று மகள்தான் பதிவு செய்துவிட்டாள். நான் எழுப்பாமலே படிவத்தையும் தானே நிரப்பிவிட்டாள்.

நகரத்தின் நடுவே அழகான இடம். வாசலில் மெழுகுதிரி வாசம். ஒரு வகுப்புக்கு 20 பவுணுக்கு மேல். புதியவர்களுக்கு முதல் முறை பாதி விலை. அடியில் றப்பர்ப் புள்ளிகள் வைத்த வழுக்காத காலுறை போட்டால்தான் உள்ளே விடுவார்கள், அது இல்லாதவர்கள் அங்கேயே வாங்க வேண்டும். காலுறை விலையைக் கேட்டு நான் மனதுக்குள் இலங்கைக் காசாக மாற்றிப் பார்த்தேன், பிறகு மாற்றுவதை விட்டுவிட்டேன். சல்வார்க் காற்சட்டையும் மகளின் நீளச் சட்டையுமாக நான். மற்றவர்கள் எல்லோரும் தோலோடு ஒட்டிய உடுப்பில் மெல்லிய கொடிபோல் நின்றார்கள். மூன்று பக்கமும் கண்ணாடி. முழு உடம்பையும் கண்ணாடியில் பார்த்து எத்தனை வருடம் இருக்கும்? வீட்டுக் கண்ணாடி நெற்றிப்பொட்டு வைக்கிற அளவு. அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

விளக்கை மங்கலாக்கிப் பாட்டை அலறவிட்டார்கள். ஆசிரியைக்கு இருபத்தைந்து வயதிருக்கும், கன்னத்தோடு ஒட்டிய ஒலிவாங்கி. என் வயதையோ வருத்தத்தையோ அவர் கேட்கவில்லை. இருபத்தைந்து பேர் இருந்த அறையில் கேட்க அவருக்கு நேரமும் இல்லை. குதியைத் தூக்கி நுனிக்காலில் நின்றபடி முழங்காலை ஆழமாக மடிக்க வேண்டும், அப்படியே ஒரு அங்குலம் ஏறி இறங்க வேண்டும். எட்டு, இன்னும் எட்டு, கடைசி எட்டு, இல்லை இன்னும் ஒரு எட்டு. இடுப்பை உள்ளே சுருட்டச் சொன்னார். எவ்வளவு சுருட்டுவது என்று சொல்லவில்லை. வலது முழங்காலில் ஏதோ உரசியது. நிறுத்தியிருக்க வேண்டும். பக்கத்திலிருந்த பிள்ளை நிறுத்தவில்லையே என்ற வீம்பில் நான் நிறுத்தவில்லை. அதில் என் குற்றமும் உண்டு. அன்று இரவு முழங்கால் தேங்காய் போல் வீங்கியது. மூன்று நாள் ஐஸ் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். பிள்ளைப்பேற்றுக்குப் போன தாயை மகள் பார்க்க வேண்டியதாயிற்று.

அந்த மூன்று நாளும் சும்மா இருக்காமல் இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று வாசித்தேன். வாசித்தபின் கோபம் சற்று ஆறியது.

இதைத் தொடக்கியவர் லொற்றே பேர்க் என்ற பெண். ஜேர்மனியின் கொலோன் நகரில் 1913இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நடனமாதாக இருந்தார். நாசிகளின் ஆட்சி வந்தபின் அவருக்கு அங்கே மேடையில்லை. உயிருக்கும் உத்தரவாதமில்லை. 1930களில் கணவரோடும் சிறு மகளோடும் லண்டனுக்கு அகதியாக வந்து சேர்ந்தார். இதை வாசிக்கும் நம்மில் பலருக்கு இந்த வரி புதிதாக இராது. பின்பு முதுகில் ஏற்பட்ட காயத்தினால் உடம்பைத் திரும்பக் கட்டியெழுப்ப வேண்டிய நிலை வந்தபோது, தான் பழகிய நடனப் பயிற்சியையும் உடலைச் சீர்செய்யும் பயிற்சிகளையும் சேர்த்து ஒரு முறையை உண்டாக்கினார். 1959இல், 46 வயதில், லண்டன் மான்செஸ்ரர் வீதியில் ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் பெண்களுக்காக வகுப்புத் தொடங்கினார். ஜோன் கொலின்ஸ் போன்ற நடிகைகளும் அங்கே போனார்கள். அவரிடம் பழகிய லிடியா பாக் என்பவர் 1971இல் அதை நியூயோர்க்குக்குக் கொண்டுபோனார். 2001க்குப் பின் அமெரிக்காவில் கிளைவிட்டுப் பரவி, இன்று பெரிய நகரங்களிலெல்லாம் வியாபாரமாக நிற்கிறது. லொற்றே பேர்க் 2003இல், 90 வயதில் காலமானார். துடுக்கான வாய்க்காரி என்று தெரிகிறது. தன் பயிற்சிகளுக்கு அவர் வைத்த பெயர்களில் சிலவற்றை எழுதினால் ஆசிரியர் இந்தப் பக்கத்தையே வெட்டிவிடுவார்.

முழங்கால் சற்றுத் தேறியதும் ஒருநாள் மெற்றோபொலிற்றன் ரெயினில் பேக்கர் வீதியில் இறங்கி மான்செஸ்ரர் வீதிக்கு நடந்து போனேன். செங்கல் வீடுகள், கறுத்த இரும்பு வேலி, வேலிக்குக் கீழே இறங்கும் படிகள். எந்த வீடு என்று தேடவில்லை. வீதியின் முடிவில் மான்செஸ்ரர் சதுக்கம், அதில் வொலஸ் கலைக்கூடம். உள்ளே போவதற்குக் கட்டணமில்லை என்பதால் போய் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தேன். பிழைப்பதற்கு வேறு நாட்டுக்கு வந்த ஒரு பெண், மேடையில்லாத நடனக்காரி, நிலக்கீழ் அறையில் ஒரு தடியைப் பொருத்தி மற்றப் பெண்களின் முதுகை நிமிர்த்தியிருக்கிறாள். அந்தப் படிகளைப் பார்த்துவிட்டு வந்தபின் அந்தப் பயிற்சியை விட மனம் வரவில்லை. பிழை வகுப்பில்தான், பயிற்சியில் அல்ல என்று பட்டது.

தேடல் தொடர்ந்தது. உள்ளூர்ச் சபை நடத்தும் விளையாட்டு மையத்தில் கட்டணம் குறைவு. ஆனால் நான் போன இரண்டு முறையும் இரண்டு ஆசிரியைகள். முதல் கிழமை சொன்னதை அடுத்த கிழமை மற்றவர் மறுத்தார். ஒரு கோயில் மண்டபத்தில் நம் பெண்கள் சேர்ந்து ஏதோ பயிற்சி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். நல்ல பம்பல். அரை மணி பயிற்சி, ஒரு மணி கதை, பிறகு வடை. முழங்காலுக்கு ஒன்றும் செய்யவில்லை, மனதுக்கு நல்லாயிருந்தது. வடைக்காக இன்னும் இரண்டு முறை போனேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் வழி காட்டியவர் பேத்தியின் நிறை பார்க்க வீட்டுக்கு வந்த தாதி. நம் நாட்டில் குடும்பநல மாது வருவது போல் அங்கேயும் பிள்ளை பிறந்த வீட்டுக்கு ஒருவர் வருவார். நான் நொண்டிக்கொண்டு தேத்தண்ணி கொண்டுவந்ததைக் கண்டு விசாரித்தார். பக்கத்திலுள்ள தேவாலய மண்டபத்தில் செவ்வாய்க்கிழமைகளில் காலை பத்து மணிக்கு ஒரு வகுப்பு நடக்கிறது, தன் தாயாரும் போகிறார் என்றார். விளம்பரம் இல்லை. மண்டபத்தின் அறிவித்தல் பலகையில் கையால் எழுதிய ஒரு துண்டு மட்டும்.

அந்த ஆசிரியைக்கு அறுபதுக்கு மேல். இளமையில் பலே நடனம் ஆடியவர், முழங்கால் கெட்டு அதை விட்டவர். நான் பதிவு செய்ய எடுத்தபோது இருபது நிமிடம் என்னைக் கேள்வி கேட்டார். எலும்பு எங்கே முறிந்தது, எப்படி விழுந்தீர்கள், ஸ்கான் அளவு என்ன, முதுகெலும்பில் முறிவு ஏதும் உண்டா, குருதி அமுக்கத்துக்கு மருந்து எடுக்கிறீர்களா, படுத்திருந்து எழும்பும்போது தலை சுற்றுமா? எலும்பு மெலிந்தவர்கள், அதிலும் முதுகெலும்பில் முறிவு கண்டவர்கள், முன்னால் வளைந்து குனியும் பயிற்சிகளைத் திரும்பத் திரும்பச் செய்யக்கூடாது என்பதால் எனக்கு அந்தப் பகுதியில் வேறு பயிற்சி தருவதாகச் சொன்னார். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இதுதான் இடம் என்று.

ஒரு வகுப்புக்கு 9 பவுண். பதினொரு பெண்கள். கென்யாவிலிருந்து வந்த குஜராத்தி அம்மா ஒருவர், இளைப்பாறிய ஐரிஷ் தாதி ஒருவர், தலையை மூடிய சோமாலியப் பெண் ஒருவர், இன்னும் சிலர். கண்ணாடி இல்லை. பாட்டுச் சன்னமாகப் போகும். தடிகூடச் சுவரில் பொருத்தியதல்ல, மடித்து வைக்கும் கால்களோடு கூடியது. பாதிப் பேர் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு செய்தார்கள். ஆசிரியை தான் செய்து காட்டியது கொஞ்சம். மீதி நேரம் எல்லாம் எங்கள் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டு சுற்றி வந்தார்.

முதல்நாள் அவர் என்னைத் திருத்திய விதத்தைச் சொல்ல வேண்டும். குதிகள் சேர்ந்து, பாதங்கள் வெளிப்புறம் பார்த்து, முழங்காலை மடிக்கும் நிலைக்குப் பிளியே என்று பெயர். நான் ஆசையில் பாதங்களை நன்றாக விரித்துவிட்டேன். முழங்கால் அவ்வளவு விரியவில்லை, உள்ளே சரிந்தது. “பாதத்தைத் திருப்பாதீர்கள். இடுப்பிலிருந்து தொடையைத் திருப்புங்கள். இடுப்பு எவ்வளவு தருகிறதோ அவ்வளவுதான் பாதத்துக்கு” என்று சொல்லி, பாதங்களைப் பாதியளவுக்கு ஒடுக்கிவைத்தார். மடிக்கும்போது முழங்கால் இரண்டாவது விரலுக்கு நேரே போகவேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். நகரத்து ஸ்ரூடியோவில் என் முழங்காலை வீங்க வைத்தது அந்தச் சரிவுதான்.

அந்த நிலையில் நின்றபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. இது எனக்குத் தெரிந்த நிலை. அரைமண்டி! 1977 வரைக்கும் நான் பள்ளிக்கூடத்தில் பரதம் பழகினேன். தட்டுக்கழியால் தாளம் போட்டபடி எங்கள் ரீச்சர் சொல்லுவார், “பிள்ளை, பாதத்தை இழுக்காதை, துடையைத் திருப்பு” என்று. அதே வார்த்தை. பன்னிரண்டு வயதில் நான் பெரிய பிள்ளையானதும், இனி ஆட்டம் போதும் என்று அப்பாச்சி சொன்னார், யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் அழவில்லை என்றே நினைக்கிறேன். சலங்கையை மச்சாள் ஒருத்தி வாங்கிக்கொண்டு போனாள். நாற்பத்தாறு வருடத்துக்குப் பிறகு ஒரு தேவாலய மண்டபத்தில் ஒரு வெள்ளைக்காரி என் தொடையைத் திருப்பிவிட, கால் தானாக அந்த இடத்துக்குப் போனது. நான் அன்று அழுதேன். வியர்வையோடு வியர்வையாகப் போய்விட்டது. பக்கத்தில் நின்ற குஜராத்தி அம்மா கண்டுகொண்டு, ஒன்றும் கேட்காமல் தன் துவாயை நீட்டினார்.

இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. அரைமண்டியில் தாழ்ந்து நின்று பாதத்தைத் தரையில் தட்டுவோம். இங்கே தட்டு இல்லை. மிகச் சிறிய அசைவை நெடுநேரம் செய்வது, அல்லது அசையாமல் அப்படியே பிடித்து நிற்பது. தசை களைத்ததும் நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஆனால் தசையில் எரிவது வேறு, மூட்டில் குத்துவது வேறு. குத்தினால் அந்த நிமிடமே நிறுத்தவேண்டும் என்பது அந்த ஆசிரியையின் சட்டம். நிறுத்துகிற பெண்ணை அவர் பாராட்டுவார்.

மகள் விஷயத்தில்தான் அவரை நான் முழுதாக அறிந்தேன். பிள்ளை பிறந்து ஐந்தாவது கிழமை. வீட்டுக்குள் அடைந்து கிடந்து, உடுப்பு எதுவும் போட ஏலாமல், கண்ணாடியைப் பார்த்தாலே மகளுக்கு அழுகை வந்துகொண்டிருந்த நேரம். “நானும் வாறன் அம்மா” என்று புறப்பட்டு வந்தாள். ஆசிரியை அவளை வகுப்பில் சேர்க்க மறுத்துவிட்டார். சத்திரசிகிச்சைக் காயம் உள்ளே ஆறவேண்டும், வயிற்றுத் தசை நடுவே பிரிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும், ஆறு முதல் எட்டுக் கிழமையில் வைத்தியர் பரிசோதித்துச் சொன்னபின் வாருங்கள் என்றார். அதுவரைக்கும் நடக்கவும், இடுப்புத்தளத் தசையைச் சுருக்கி விடுகிற பயிற்சியை வீட்டிலே செய்யவும் சொல்லிக்கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. மகளுக்குக் கோபம். வரும் வழியெல்லாம் என்னோடு கதைக்கவில்லை. தனக்கு ஒரே ஒரு மணித்தியாலம் கேட்டதற்கும் இல்லையென்று சொல்கிறார்களே என்று இரவு சொல்லி அழுதாள். அவள் கேட்டது உடம்பு மெலிவதற்கல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த நாளிலிருந்து காலையில் ஒரு மணித்தியாலம் பேத்தி என்னிடம். மகள் தனியே நடக்கப் போனாள். மூன்றாம் மாதம் வகுப்பிலும் சேர்ந்தாள்.

ஆகவே சகோதரிகளே, லண்டனோ கொழும்போ, எந்தப் பெரிய நகரமானாலும் வகுப்புத் தேடுகிறவர்கள் வாசலின் மெழுகுதிரியைப் பார்க்காதீர்கள். ஆசிரியை உங்களைப் பற்றி எத்தனை கேள்வி கேட்கிறார் என்று பாருங்கள். எங்கே பயின்றார், முதலுதவி தெரியுமா என்று நீங்களும் கேளுங்கள். நல்ல ஆசிரியை கோபிக்கமாட்டார். கிழமைக்குக் கிழமை அதே ஆள்தானா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? சேருமுன் ஒருநாள் மூலையிலிருந்து பார்க்க விடுவார்களா? வருடக் காசை ஒரேயடியாகக் கேட்கிற இடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ஆறு கிழமையில் இத்தனை இறாத்தல் குறையும் என்று சுவரில் எழுதியிருந்தால் அந்தப் படியில் ஏறவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆண்கள் வரும் வகுப்பா, உடுப்புக் கட்டுப்பாடு உண்டா என்பதையும் வெட்கப்படாமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள். முதல் வகுப்பில் வெட்கப்பட்டு இரண்டாம் வகுப்புக்குப் போகாமல் விட்ட பெண்கள் எத்தனையோ பேர்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. இந்தப் பயிற்சி கால் தசைக்கும், முதுகு நிமிர்வுக்கும், நிலை தடுமாறாமைக்கும் நல்லது. எலும்பு பலப்பட அது மட்டும் போதாது. எலும்புக்குப் பாரம் தெரியவேண்டும். வேகமாக நடப்பது, படியேறுவது, கையில் எடை தூக்குவது ஆகியவையும் சேரவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலிலும் வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சி என்று இருக்கிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியும் சேர்த்து மூன்று நாள். அந்த ஆசிரியை ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் தடியை விட்டுவிட்டு ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்கச் சொல்வார். 2022இல் வெளிவந்த பிரேசில் நாட்டு ஆய்வு ஒன்றில், 51 முதல் 75 வயதுவரை 1,702 பேரை இப்படி நிற்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நிற்க முடியாதவர்களில் பின்வந்த ஆண்டுகளில் இறந்தவர்கள் கூட. ஒற்றைக்காலில் நின்றால் ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தமில்லை. நிற்க முடியாத உடம்பில் வேறு குறைகளும் இருக்கக்கூடும். முதல்நாள் என்னால் நான்கு விநாடிதான் முடிந்தது. ஒக்ரோபரில் திரும்பும்போது இருபது.

வெள்ளவத்தைக்கு வந்ததும் இங்கேயும் தேடினேன். கொழும்பில் இப்போது பெண்களுக்கென்று பல இடங்கள் உண்டு. எனக்குத் தோதான நேரத்தில், தோதான காசில், கேள்வி கேட்கிற ஆசிரியையோடு ஒன்றும் அமையவில்லை. ஒரு இடத்தில், “அன்ரி, உங்களுக்கு நாங்கள் லேசாத் தாறம்” என்றார்கள். லேசாக என்றால் என்ன என்று கேட்டேன். அதற்கு அவர்களிடம் பதில் இல்லை. இப்போது கீழ்மாடி, மேல்மாடிப் பெண்கள் மூவரும் நானுமாகத் திங்கள், வியாழன் மாலை ஆறு மணிக்கு மொட்டைமாடியில் சேருகிறோம். சுற்றுமதிலில் பொருத்திய இரும்புக் கம்பிதான் எங்கள் தடி. பெரிய தண்ணீர்ப் போத்தல்தான் எடை. நான் ஆசிரியை அல்ல என்பதால் எனக்குத் தெரிந்த ஐந்தாறு பயிற்சிக்கு மேல் ஒன்றும் செய்வதில்லை. மழை பெய்து தரை நனைந்திருந்தால் ஒருவரும் ஏறக்கூடாது என்பது நான் போட்ட ஒரே சட்டம்.

சென்ற மாதம் அக்கா கண் வைத்தியரைப் பார்க்க வந்து எங்கள் வீட்டில் இரண்டு கிழமை நின்றார். 66 வயதிலேயே அம்மாவைப் போல் சற்றுக் கூனத் தொடங்கியிருக்கிறார். முதல்நாள் மொட்டைமாடியில் கதிரை போட்டு இருந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாம் நாளும் சிரித்தார். மூன்றாம் நாள், மற்றவர்கள் இறங்கிப் போனபின், சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து கம்பியைப் பிடித்தார்.

“இதுதானோ உன்ரை பார்?”

“ஓம் அக்கா.”

“அம்மாவுக்கு இது தெரியேல்லைப் பார்” என்றார்.

குதியை மெல்லத் தூக்கச் சொன்னேன். தூக்கினார். எட்டு எண்ணினேன். இன்னும் ஒரு எட்டு என்றேன். “காணும், குக்கரிலை பருப்பு வைச்சனான்” என்று கீழே இறங்கினார். படியில் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்கினார். நான் பின்னாலே பார்த்துக்கொண்டு வந்தேன். ஊருக்குப் போய் இறங்கியதும் தொலைபேசி எடுத்தார். குசினி யன்னல் கம்பி சரியான உயரமாம், ஆனால் கொஞ்சம் கறள் பிடித்திருக்கிறதாம், மேசனைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டுமாம்.